கணக்கு உதைத்த இடங்கள்

விண்வெளியை நமக்குப் புரியவைத்தவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன், ஹாக்கிங். அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வானியல் வரலாற்றை வாசித்துக்கொண்டே போனால் வேறொரு ரகத்து ஆட்கள் மேல்தான் பிரியம் கூடுகிறது. கணக்கு எங்கேயோ லேசாக உதைக்கிறது என்று தெரிந்த பிறகு தூக்கம் வராதவர்கள் அவர்கள். "கிட்டத்தட்டச் சரியாக வருகிறதே, போதாதா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்டாலும் விடாதவர்கள்.

ஜோகன்னஸ் கெப்ளரிலிருந்து தொடங்குகிறேன். 1600ஆம் ஆண்டு பிராக் நகருக்கு அருகே டைகோ பிராஹியிடம் போய்ச் சேர்ந்தார். டைகோ டென்மார்க்கின் பிரபு குடும்பத்துக்காரர். தொலைநோக்கி இல்லாத காலத்தில், பிரம்மாண்டமான கருவிகள் செய்து, வெறுங்கண்ணால் கோள்களின் இடத்தை ஒன்றிரண்டு கலை துல்லியத்தில் குறித்துவைத்தவர். ஒரு பாகையை 60 பங்கு போட்டால் ஒரு கலை. அதை மறுபடி 60 பங்கு போட்டால் ஒரு விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 31 கலை என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். ஆனால் டைகோ தன் குறிப்பேடுகளை யார் கண்ணிலும் காட்டமாட்டார். சாப்பாட்டுக்கு நடுவே பேச்சோடு பேச்சாக இன்றைக்கு ஓர் எண், நாளைக்கு ஓர் எண் என்று உதிர்ப்பாராம். கெப்ளர் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். 1601இல் டைகோ இறந்ததும், வாரிசுகள் அசந்த நேரம் பார்த்து அந்தக் குறிப்புகளைத் தன் வசப்படுத்திக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் அவரே எழுதுகிறார். அறிவியலுக்கு அது நல்ல திருட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

அவருக்கு ஒதுக்கப்பட்ட கோள் செவ்வாய். கோள்கள் வட்டத்தில்தான் சுற்றும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை; கோப்பர்நிக்கஸும் அதை விடவில்லை. கெப்ளரும் ஒரு வட்டத்தைப் போட்டு, மையத்தைக் கொஞ்சம் தள்ளி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செவ்வாயைப் பொருத்திப் பார்த்தார். இந்தக் கணக்கைக் குறைந்தது 70 முறையாவது போட்டேன், படிக்கவே உங்களுக்கு அலுப்பாக இருந்தால் என் மேல் இரக்கப்படுங்கள் என்று புத்தகத்திலேயே வாசகரிடம் கெஞ்சுகிறார். கடைசியில் ஒரு மாதிரி வந்தது: செவ்வாய் எந்தத் திசையில் தெரியும் என்பதை 2 கலைக்குள் சொல்லிவிட்டது. அப்புறம் அதே மாதிரியை வேறு வழியில் சோதித்துப் பார்த்தார். சில இடங்களில் 8 கலை வரை உதைத்தது.

8 கலை என்றால் நிலவின் அகலத்தில் கால் பங்கு. பழங்கால வானியலாளர் தாலமி காலத்துக் கணிப்புகளில் 10 கலை பிழை ஒரு பொருட்டே அல்ல. இன்னொருவராக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார். ஆனால் டைகோ 8 கலை தப்புச் செய்கிற ஆளில்லை என்று கெப்ளருக்குத் தெரியும். வருடக்கணக்கில் உழைத்துக் கட்டிய வட்டத்தைத் தூக்கிப் போட்டார். 1609இல் வெளியான 'புதிய வானியல்' நூலில் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று வந்தது. எனக்கு இதில் மலைப்பு தருவது இன்னொன்று. அந்த நீள்வட்டத்தின் குறுக்கு அகலம் நெடுக்கு அகலத்தைவிட அரை சதவீதம்கூடக் குறைவில்லை. தாளில் வரைந்து காட்டினால் யாரும் அது வட்டம்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

அதன் பிறகு ஒரு நூறு வருடம் இதே வகை ஆட்கள்தான். ஓலே ரோமர் பாரிஸில் வியாழனின் நிலவான அயோவைக் கவனித்தார். சுமார் 42 மணி நேரத்துக்கு ஒருமுறை அது வியாழனின் நிழலுக்குள் போய்வரும். பூமி வியாழனைவிட்டு விலகும் மாதங்களில் அந்தக் கிரகணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியது. 1676 நவம்பர் 9 அன்று 10 நிமிடம் பிந்தும் என்று முன்கூட்டியே சொன்னார், பிந்தியது. அயோவின் மேல் குற்றமில்லை. ஒளி வந்துசேர நேரம் எடுக்கிறது. அடுத்தவர் ஜேம்ஸ் பிராட்லி. பூமி சுற்றுவதால் விண்மீன்கள் இடம் மாறித் தெரியவேண்டும், அதை அளந்துவிட்டால் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 1725இல் காமா டிராக்கோனிஸ் என்ற விண்மீனைப் பார்க்க ஆரம்பித்தார். விண்மீன் நகரத்தான் செய்தது, 20 விகலை அளவுக்கு. ஆனால் நகரவேண்டிய மாதத்தில் நகரவில்லை. மழையில் ஓடினால் துளிகள் முன்னாலிருந்து சாய்ந்து முகத்தில் அடிக்கும் அல்லவா, ஓடுகிற பூமியில் ஒளிக்கும் அதுதான் நடக்கிறது என்று புரிய அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. பூமி நகர்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று இப்படித் தேடாமல் கிடைத்தது. அவர் தேடிய தூரம் கிடைக்க 1838 வரை, பெசல் வரை, காத்திருக்கவேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதை வைத்து, உதைக்கிற கணக்கை விடாமல் பிடித்தால் வெற்றி நிச்சயம் என்று தோன்றலாம். அப்படியில்லை என்பதற்கு உர்பைன் லெ வெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர்தான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி. இந்த மனிதரின் கதையைத் தனியாக ஒரு பாடமாகவே வைக்கலாம்.

1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் நியூட்டன் விதிப்படி போகவேண்டிய பாதையில் போகவில்லை. லெ வெரியே என்ன சொன்னார்? விதியில் தப்பில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது. அந்தக் கோள் எங்கே இருக்கவேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டு பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே யோகான் காலே தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விண்மீனாகச் சொல்ல, மாணவர் டாரெஸ்ட் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் "அது வரைபடத்தில் இல்லை" என்றார். நெப்டியூன்! கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகவில்லை. இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்ஸும் இதே கணக்கைப் போட்டிருந்தார். யார் முதலில் என்று இரண்டு நாடும் அடித்துக்கொண்டது தனிக்கதை.

அடுத்து லெ வெரியேயின் கண் புதன் மேல் விழுந்தது. புதனின் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மற்றக் கோள்களின் இழுவையை எல்லாம் சேர்த்தபின்னும் கொஞ்சம் மிச்சம் நின்றது. 1859இல் அவர் சொன்ன அளவு நூறு வருடத்துக்கு 38 விகலை. பின்னர் சைமன் நியூகோம் திருத்தியபோது 43. நூறு வருடத்துக்கு 43 விகலை என்றால், நிலவின் அகலம் அளவுக்குச் சேர நாலாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அதையும் அவர் விடவில்லை. பழைய மருந்தையே எடுத்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள். வல்கன் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. லெஸ்கார்போ என்ற கிராமப்புற மருத்துவர், சூரியனைக் கடந்து ஒரு கறுப்புப் புள்ளி போனதைப் பார்த்தேன் என்றார். லெ வெரியே நேரில் போய்க் குறுக்கு விசாரணை செய்து நம்பினார். மருத்துவருக்கு அரசு விருதும் கிடைத்தது. வல்கன் மட்டும் கிடைக்கவில்லை. 1877 செப்டம்பர் 23 அன்று லெ வெரியே இறந்தார். நெப்டியூன் கிடைத்த அதே தேதி.

இல்லாத கோளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புச் சமன்பாட்டில் புதனைப் போட்டுப் பார்த்தார். எந்தக் கோளையும் சேர்க்காமல் 43 விகலை அப்படியே வந்து விழுந்தது. நெஞ்சு படபடத்ததாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே மாதிரிச் சிக்கல். ஒருமுறை விடை 'மறைந்திருக்கும் பொருள்'. இன்னொருமுறை 'விதியே தப்பு'. எந்த உதைப்புக்கு எந்த விடை என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லோருக்கும் இதே தலைவலிதான்.

பிரபஞ்சத்தின் அளவுக்கு வருவோம். ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியேட்டா லீவிட்டின் வேலை கண்ணாடித் தட்டுகளைப் பார்ப்பது. பெருவில் உள்ள அரெகிப்பாவில் எடுத்த படங்கள் அவை. வான்படம் என்றதும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். தட்டு நெகட்டிவ் என்பதால் வெளிறிய கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில், தூசி எது விண்மீன் எது என்று சட்டென்று தெரியாத அளவுக்கு. சின்னக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் பல அளவுப் பிரகாசத்தில் மாதிரிப் புள்ளிகள். அதைத் தட்டின் மேல் வைத்து, இந்தப் புள்ளி எந்த மாதிரிக்குச் சமம் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதவேண்டும். வேறு நாளில் எடுத்த தட்டில் அதே புள்ளி கொஞ்சம் மெலிந்திருந்தால் அது மாறும் விண்மீன். இப்படி மெகல்லன் மேகங்களில் (தென்வானில் புகைபோலத் தெரியும் இரண்டு விண்மீன் கூட்டங்கள்) மட்டும் 1,777 மாறும் விண்மீன்களை 1908இல் பட்டியலிட்டார். சம்பளம் மணிக்கு 30 சென்ட்.

அந்தப் பட்டியலில் 16 விண்மீன்களுக்கு மட்டும் மாறும் கால அளவு தெரிந்திருந்தது. அதிகப் பிரகாசமானவை மெதுவாக மாறுகின்றன, இது கவனிக்கத்தக்கது என்று ஒரு வரி எழுதினார். 1912இல் 25 விண்மீன்களை வைத்து அதை உறுதி செய்தார். எல்லாம் சிறிய மெகல்லன் மேகத்தில் இருப்பவை, எனவே நம்மிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று பிரகாசமாகத் தெரிந்தால் அது உண்மையிலேயே பிரகாசமானது. ஆக, செபீடு என்று அழைக்கப்படும் இந்த வகை விண்மீன் எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று பார்த்தால் அதன் அசல் பிரகாசம் தெரிந்துவிடும். அசலையும் தெரிவதையும் ஒப்பிட்டால் தூரம்.

இப்போது ஹார்வர்டின் தட்டுகளை டிஜிட்டல் படங்களாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு வருத்தம் உண்டு. படமெடுப்பதற்கு முன், தட்டுகளின் மேல் அந்தப் பெண்கள் மையால் போட்ட குறிகளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பெரும்பாலானவற்றில் துடைத்துவிட்டார்கள். மைக்குப் பின்னால் விண்மீன்கள் மறைந்திருக்கும், அளவிடத் தடையாகும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

1923 அக்டோபரில் கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். தட்டில் மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் N என்று எழுதினார், நோவா, அதாவது திடீரென்று பிரகாசமாகிற விண்மீன், என்பதன் சுருக்கம். பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபோது அதில் ஒன்று நோவா இல்லை என்று தெரிந்தது. N ஐ அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்பதற்கு VAR என்று எழுதி ஆச்சரியக்குறியும் போட்டார். லீவிட்டின் செபீடு! 31 நாள் கால அளவு. தூரக் கணக்கு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்றது. ஆண்ட்ரோமீடா பால்வெளிக்குள் இருக்கும் ஏதோ புகைமூட்டம் அல்ல, வெளியே இருக்கும் இன்னொரு பால்வெளி. லீவிட் இதைப் பார்க்கவில்லை. 1921இலேயே புற்றுநோயில் போய்விட்டார்.

ஹப்பிள் இதைக் கடிதமாக எழுதியது ஹார்வர்டின் ஹார்லோ ஷாப்லிக்கு. எல்லாமே பால்வெளிக்குள் அடக்கம் என்று மேடையேறி வாதாடியவர் ஷாப்லி. கடிதம் வந்தபோது அறையில் இருந்த இளம் ஆய்வாளரிடம், என் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் இதோ என்று நீட்டினாராம். அந்த ஆய்வாளர் செசிலியா பெய்ன்.

பெய்னுக்கும் ஒரு கணக்கு உதைத்தது. வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை எவ்வளவு இழக்கும் என்று சொல்லும் அயனியாக்கச் சமன்பாட்டை இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920இல் தந்திருந்தார்; அதை வைத்து விண்மீன்களின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, பெய்ன் ஆராய்ந்தார். விண்மீன்களும் பூமியும் ஏறக்குறைய ஒரே சரக்கால் ஆனவை என்பது அப்போதைய முடிவு. இவர் கணக்கிலோ ஹைட்ரஜன், உலோகங்களைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வந்தது. ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், அன்றைய அமெரிக்க வானியலில் கடைசி வார்த்தை அவருடையது, இது நடக்காத காரியம் என்றார். 1925இல் வந்த ஆய்வேட்டில் பெய்ன் எண்ணை மாற்றவில்லை. ஆனால் பக்கத்திலேயே, இது பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். நான்கு வருடம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே விடைக்கு வந்துசேர்ந்து, பெய்னையும் குறிப்பிட்டார். 25 வயதில், வேலையும் பட்டமும் அந்தப் பெரியவர்களின் கையில் இருக்கும்போது அந்த வாக்கியத்தை எழுதியதற்கு அவரை நான் குறை சொல்லமாட்டேன். எண்ணை விட்டுவைத்தாரே, அதுதான் பெரிது. 1935இல் வெள்ளைக் குள்ள விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று சந்திரசேகர் காட்டியபோது, அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் சபையில் கேலி செய்ததும் இதே வகைதான். எடிங்டனுக்குக் கணக்கில் தப்புத் தெரியவில்லை, விடை பிடிக்கவில்லை.

சரி, ஹப்பிளின் கணக்கும் உதைத்தது. பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு 1929இல் அவர் தந்த வேகத்தைப் பின்னோக்கி ஓட்டினால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. பூமியின் பாறைகளோ அதைவிட மூப்பு! அம்மாவைவிட மகளுக்கு வயது கூட. இதைத் தீர்த்தவர் வால்டர் பாடே. இரண்டாம் உலகப்போரில் மற்றவர்கள் ராணுவ வேலைக்குப் போய்விட, ஜெர்மானியக் குடிமகனான பாடே எதிரி நாட்டவர் என்ற முத்திரையோடு மவுன்ட் வில்சனிலேயே தங்கிவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸின் விளக்குகளை அணைத்திருந்த காலம். இருட்டு வானமும் பெரிய தொலைநோக்கியும் ஏறக்குறைய அவருக்கு மட்டும். ஆண்ட்ரோமீடாவின் மையப் பகுதி விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, விண்மீன்களில் இரண்டு வகைத் தொகுதிகள் உண்டு என்றார். அந்த வழியில் போய், செபீடுகளிலும் இரண்டு வகை உண்டு, இதுவரை இரண்டையும் குழப்பியிருக்கிறோம் என்று 1952இல் ரோமில் நடந்த மாநாட்டில் அறிவித்தார். பிரபஞ்சத்தின் தூரங்கள் எல்லாம் ஒரே நாளில் இரட்டிப்பாயின.

ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலுக்குக் காரணம் தேடி பென்சியாஸும் வில்சனும் புறா எச்சத்தைச் சுத்தம் செய்ய, அது பிரபஞ்சத்தின் ஆதி ஒளியின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு என்று தெரிந்த கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். அதைவிட எனக்குப் பிடித்தது 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்தது. ஜோசலின் பெல் ஆய்வு மாணவி. நாலரை ஏக்கரில் கம்பிகள் கட்டிய ரேடியோ தொலைநோக்கி. அதைக் கட்டுவதற்குச் சுத்தியலும் பிடித்திருக்கிறார். கருவி நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் வரைதாளைக் கக்கும். அத்தனையையும் கண்ணால் பார்த்து, இது வானிலிருந்து வருவது, இது வண்டி சத்தம் என்று பிரிக்கவேண்டும். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல், எந்த வகையிலும் சேராமல் நின்றது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பார்த்ததும் கிறுக்கல் பிரிந்து வரிசையான துடிப்பாக வந்தது: 1.337 விநாடிக்கு ஒன்று. வேற்றுலகவாசிகளோ என்று பாதி வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பு கிடைத்ததும் அந்தச் சந்தேகம் ஒழிந்தது. இரண்டு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடாது. அது சுழலும் நியூட்ரான் விண்மீன், வெடித்த பெரிய விண்மீனின் நெருக்கமான மிச்சம். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. 2018இல் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை அவர் மாணவர்களுக்கான உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார்.

லெ வெரியேயின் தலைவலி முழு உருவத்தில் திரும்பி வருவது அமெரிக்க வானியலாளர் வேரா ரூபினிடம். கென்ட் ஃபோர்டு செய்த நிறமாலைக் கருவியை வைத்து ஆண்ட்ரோமீடா எப்படிச் சுழல்கிறது என்று அளந்து 1970இல் வெளியிட்டார். சூரியனைச் சுற்றும் கோள்களில் தூரத்தில் இருப்பவை மெதுவாகப் போகும். ஆண்ட்ரோமீடா போன்ற விண்மீன் மண்டலத்தின் விளிம்பிலும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் விளிம்பு விண்மீன்கள் வேகம் குறையவே இல்லை. ஒன்றில் மட்டுமல்ல, அளந்த ஒவ்வொரு மண்டலத்திலும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்பது பெரும்பான்மைக் கட்சி. 1933இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்துச் சொன்னதும் அதைத்தான். ஈர்ப்பு விதி பெருந்தூரத்தில் மாறுகிறது என்பது சிறுபான்மைக் கட்சி. அதாவது நெப்டியூனா, வல்கனா? கொத்துகளின் மோதல், பின்னணிக் கதிர்வீச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கரும்பொருள்தான் கணக்குக்கு ஒத்துவருகிறது. அந்தத் துகளை ஆய்வகத்தில் இன்னும் யாரும் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் ரூபினின் சொந்த ஆசை விதி மாறவேண்டும் என்பதாகத்தான் இருந்தது.

இன்றைக்கு உதைக்கிற கணக்கு பிரபஞ்சத்தின் விரிவு வேகத்தில். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை பிளாங்க் விண்கலம் அளந்ததை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கு விநாடிக்கு 67 கிலோமீட்டர். செபீடுகளையும் சூப்பர்நோவா என்ற வெடிக்கும் விண்மீன்களையும் படிகளாக வைத்து ஏறிக் கணக்கிட்டால் 73. முதலில் செபீடு அளவீட்டில் ஏதோ கலப்படம் என்று சந்தேகப்பட்டார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே செபீடுகளைத் திரும்ப அளந்தது, பெரிய தப்பில்லை என்று வந்தது. வென்டி ஃப்ரீட்மன் குழுவோ வேறு வகை விண்மீன்களையும் சேர்த்து 70க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் ஊகம், இது பாடே வகைச் சிக்கல், எங்கோ இரண்டைக் குழப்பியிருக்கிறோம் என்பதுதான். ஆனால் ஊகிப்பதற்கு என்ன, லெ வெரியேயும் ஊகித்தார்.

67, 73 என்ற இரண்டு கட்சியையும் சாராத ஒரு வழி உண்டு. 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலையும் (வெளியிலேயே பரவும் அதிர்வு) ஒளியும் சேர்ந்து கிடைத்தன. ஈர்ப்பலையின் வடிவத்திலிருந்தே தூரம் தெரிந்துவிடும், செபீடு தேவையில்லை. அதை வைத்துக் கிடைத்த விடை 70. கூடக்குறைய 10 வரை பிழை இருக்கலாம். 67, 73 இரண்டும் அதற்குள் தாராளமாக உட்கார்ந்துவிடும். இதுபோல் ஒளியும் அலையும் சேர்ந்து தெரியும் மோதல்கள் இன்னும் சில டஜன் வேண்டும். இதுவரை கிடைத்திருப்பது அந்த ஒன்றுதான்.